பதினான்காவது கேஸ்

"மெதுவா... தோளுக்குக் கீழ கை குடு" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள், சுண்டு அத்தையை ஒருக்களித்துப் புரட்டி, நனைந்த விரிப்பை முதுகை ஒட்டி நீளவாக்கில் சுருட்டி, அதன் பக்கத்தில் புது விரிப்பின் பாதியை விரித்துவிட்டாள். பிறகு அந்தச் சுருளின் மேலாக அத்தையை இந்தப் பக்கம் உருட்டி, பழையதை உருவி, புதியதை இழுத்து மெத்தைக்கடியில் செருகினாள். மூன்று வருட மருத்துவப் படிப்பில் அவள் தயக்கமில்லாமல் செய்யக் கற்றிருந்த ஒரே வேலை இதுதான். இதையும் பேராசிரியர்கள் யாரும் சொல்லித்தரவில்லை. வார்டில் ஒரு நர்ஸ், "சும்மா நிக்கறதுக்கு இந்தக் கோடியப் பிடி" என்று அதட்டிக் கற்றுக்கொடுத்தது.

"பொழச்சுக்குவா" என்றாள் அத்தை, கண்ணைத் திறக்காமல். குரலில் பாதி வெறும் காற்றாக இருந்தது. "டாக்டர் உத்தியோகம் கிடைக்கலன்னாலும் ஆயா உத்தியோகம் நிச்சயம்."

"உடம்புல உசுரில்லன்னாலும் அண்ணிக்கு வாய் மட்டும் குறையல" என்று சிரித்த அம்மா, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அப்படியே நின்றாள். பிறகு அழுக்கு விரிப்பை அள்ளிக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டாள். குழாயைத் தேவைக்கு மேலேயே திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் உள்ளே நீட்டினார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கையில் சாவி இருந்தது. "மத்தியான ட்ரிப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. வண்டியக் கழுவிட்டுக் கிளம்பறேன். நாலு மணிக்கெல்லாம் வந்துடுவேன் அக்கா."

அத்தை விரலை அசைத்தாள். அப்பா சுண்டுவைப் பார்த்தார். போகலாமா என்று கேட்கிற பார்வை. சுண்டு போர்வையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

போர்வைக்குள் அத்தையின் பாதங்கள் சில்லிட்டிருந்தன. முழங்காலைச் சுற்றி, மை ஊறிய தாள்போல ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாகப் படர்ந்திருந்தது. நேற்று அது இல்லை.

கல்லூரியில் ஆறு நாள் விடுப்புக்கு மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி வந்திருந்தாள். வருகைப் பதிவு எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுத முடியாது என்று ஒவ்வொரு மேசையிலும் நினைவூட்டியே கையெழுத்துப் போட்டார்கள். இன்று நான்காவது நாள். இந்த நான்கு நாளும் அத்தையிடம் சொல்ல அவள் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. சொல்ல வாயெடுத்தால் யாராவது உள்ளே வருவார்கள். இல்லையென்றால் அத்தை தூங்கிவிடுவாள். இல்லையென்றால் அத்தை விழித்திருப்பாள், யாரும் இருக்க மாட்டார்கள், சுண்டுவே எழுந்து தண்ணீர் எடுத்துவரப் போய்விடுவாள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். எழுத்துப் பலகைக்கு எதிரே ஆட்களை உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் படிக்கச் சொல்கிற வேலை. பெரிய பெரிய ஆட்கள்கூட, தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக் குத்துமதிப்பாக ஏதோ எழுத்தைச் சொல்வார்களாம். "சார், இது பரீட்சை இல்ல. தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க" என்று அவள் தினமும் நூறு முறை சொல்ல வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்து அவர்களைப் போலவே கண்ணை இடுக்கிக்கொண்டு நடித்துக் காட்டுவாள். சுண்டு பிறந்ததிலிருந்து அத்தையின் அறையில்தான் படுத்தாள். 'சுண்டு' என்று பெயர் வைத்ததும் அத்தைதான். அவளுடைய நீண்ட பெயர் கல்லூரிப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

சென்ற ஆண்டு கிளினிக்கல் வகுப்புகள் தொடங்கியபோது இருபது பேரைப் பரிசோதித்துக் கேஸ் எழுதித் தரச் சொன்னார்கள். அதில் ஐந்து ஆரோக்கியமான ஆட்களுடையதாக இருக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் வார்டில் அந்தச் சம்பவம் நடந்தது. ஒரு நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மண்ணீரல் விரலில் படுகிறது என்று சுண்டு சொன்னாள். பேராசிரியர் போர்வையை இன்னும் கொஞ்சம் விலக்கினார். இடது விலாவுக்குக் கீழே நீளமாக ஒரு பழைய தழும்பு.

"இவருக்கு மண்ணீரலை எடுத்து ஆறு வருஷமாச்சு. நீ தொட்டது எதம்மா, அதோட ஆவியையா?"

நோயாளி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயர் ஆவி. "ஆவி வந்தாச்சு, கதவச் சாத்து" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். விடுதியில் போய் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அத்தையைக் கட்டிலில் படுக்கவைத்தாள். பதினான்காவது கேஸ். ஐம்பத்து நான்கு வயதுப் பெண், புகார் எதுவும் இல்லை.

"இவ்வளவு சில்லுன்னு கைய வெச்சா, செத்தவன்கூட எழுந்து ஓடிருவான்டி. என்ன தேடற அங்க, புதையலா?"

"பேசாதீங்க அத்தை. மூச்ச நல்லா இழுங்க."

வலது அடிவயிற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இடது விலாவை நோக்கிக் கையை நகர்த்தினாள். மூச்சு உள்ளே போகும்போது, அவள் எதிர்பாராத இடத்தில், ஏதோ ஒன்று இறங்கி வந்து விரல் நுனியில் இடித்தது. மழுங்கிய ஒரு ஓரம். மூச்சு வெளியேறியதும் விலகிப் போனது. மறுபடி மூச்சு, மறுபடி இடித்தது. விலாவிலிருந்து இரண்டு விரற்கடை.

ஆரோக்கியமான ஆளுக்கு அது கையில் படாது. அத்தை ஆரோக்கியமான ஆள். அப்படியானால் தவறு எங்கே இருக்கும்? ஆவி என்று யாரோ காதருகில் சொன்னதுபோல இருந்தது. சுண்டு கையை எடுத்துவிட்டாள். 'மண்ணீரல் தொட்டுணர இயலவில்லை' என்று எழுதினாள். பேராசிரியர் அந்தப் பக்கத்தில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருபது கேஸில் அவளுக்குக் கிடைத்த ஒரே 'நன்று' அது.

எட்டு மாதம் கழித்து, கடையில் மயங்கி விழுந்த அத்தையைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மண்ணீரல் தொப்புள்வரை வந்திருந்தது. இரத்தப் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். "இவ்வளவு நாளா ஒரு டாக்டரும் வயித்தத் தொட்டுப் பாக்கலையா?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர். அத்தை பெருமையாகச் சொன்னாள்: "எங்க வீட்டு டாக்டரம்மா பாத்திருக்கா சார். நார்மல்னு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கா." டாக்டர் சுண்டுவைப் பார்த்துச் சிரித்தார். "ஆரம்பத்துல யாருக்கும் கைக்குத் தெரியாதும்மா, கவலைப்படாத" என்றார். சுண்டு தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை அவளால் இன்றுவரை திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே அப்பா வேன் மீது தண்ணீரை வீசியடிக்கும் சத்தம்.

"சுண்டு."

"என்ன அத்தை, தண்ணியா?"

"இன்னைக்கா, நாளைக்கா?"

எது என்று கேட்டுத் தப்பிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அத்தை கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடம், எழுத்துத் தெரியாமலே தெரிகிறது என்று சொன்னவர்களைப் பார்த்துப் பழகிய கண்.

"இன்னைக்கு அத்தை."

"ம்." அத்தை எச்சிலை விழுங்க முயன்றாள். "அப்ப உங்கப்பன வண்டி எடுக்க வேணாம்னு சொல்லு. பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறவன். பாதி வழியில போன் போட்டா தடுமாறுவான்."

சுண்டு எழுந்தாள். கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இப்போது போனால் பிறகு இந்த அறையில் அப்பா இருப்பார்.

"அத்தை, அன்னைக்கு உங்க வயித்தத் தொட்டுப் பாத்தேன்ல. ஞாயித்துக்கிழமை."

"ம்."

"கைக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் தெரியலன்னு எழுதிட்டேன்."

அத்தையின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கேட்டதா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருவதற்கு வெகுநேரமானது.

"எவ்வளவு இருந்துச்சு?"

"ரெண்டு விரல்."

"அப்பவே போயிருந்தா?"

பொய் சொல்வதற்கு இடம் இருந்தது. எத்தனையோ வார்த்தைகள் கல்லூரியில் அதற்காகவே இருந்தன. யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி, வந்தபோது என்ன நிலையோ.

"மாத்திரையிலயே கட்டுல வெச்சிருக்கலாம். பல வருஷம்."

அத்தை கூரையைப் பார்த்தாள். சுண்டு அவள் கையைத் தொடலாமா என்று யோசித்தாள். தன் கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். வெளியே வாளி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"என்னை அந்தப் பக்கம் திருப்பி விடு."

"இப்பத்தானே இந்தப் பக்கம்..."

"திருப்பி விடு."

சுண்டு தோளுக்குக் கீழே ஒரு கையும் இடுப்புக்குக் கீழே ஒரு கையும் கொடுத்து, அத்தையைச் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். முதுகுக்கு அண்டையாகத் தலையணை வைத்தாள். முழங்கால்களுக்கு நடுவில் துணியை மடித்து வைத்தாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். அத்தை அதன்பிறகு பேசவில்லை.

சுண்டு வெளியே போய்ச் சொன்னதும் அப்பா ஈரக் கையோடு வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேனை வேறு டிரைவர் எடுத்துப் போனார். போர்வைக்கு மேலாக அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, தண்ணி வேணுமா?" என்று இரண்டு முறை கேட்டார். அம்மா கதவருகில் நின்றாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இருந்த இடைவெளியைச் சுண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு. இருபது. முப்பத்தொன்று. பிறகு எண்ணிக்கை நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். சுண்டு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து முதுகில் வைத்தாள். கழுத்தில் விரல் வைத்தாள். கண்ணிமையைத் தூக்கி வெளிச்சம் காட்டினாள். இந்த முறை அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"போயிட்டாங்கப்பா."

தெருமுனைக் கிளினிக் டாக்டர் வந்தார். மறுபடி ஒருமுறை எல்லாம் பார்த்துவிட்டு, மேசையில்லாததால் தொடைமேல் படிவத்தை வைத்து எழுதினார்.

"நேரம்?"

"ரெண்டு இருபது."

"எந்த வருஷம்மா படிக்கற?"

"மூணாவது."

"ரொம்பப் படுத்துற வருஷம். நல்லா பாத்துக்கிட்டிருக்க. படுக்கைப்புண் ஒண்ணுகூட இல்ல" என்று சொல்லிப் பேனாவை மூடினார்.

அப்பாவும் அவளும் சேர்ந்து அத்தையை மல்லாத்தினார்கள். உடம்பு விறைப்பதற்குள் கைகால்களை நீட்டிவிட வேண்டும் என்று சுண்டுதான் சொன்னாள். முன்னறைக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கண்ணாடிக்கடை முதலாளி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். எதிர்வீட்டம்மாள் சுண்டுவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "குடுத்து வெச்சவ. வீட்டுக்குள்ளயே ஒரு டாக்டர் இருந்து கடைசிவரைக்கும் பாத்துக்கிட்டா. நமக்கெல்லாம் யாரு இருக்கா சொல்லு?"

சுண்டு சரியான நேரத்துக்காகக் காத்திருந்து அந்தத் தோளிலிருந்து தலையை எடுத்தாள்.

அப்பா சமையலறையில் தனியாக நின்றிருந்தார். ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து, குடிக்காமல் வைத்திருந்தார்.

"நான் வண்டியக் கழுவிட்டிருந்தப்ப ஏதாவது சொன்னாளா?"

"உங்கள வண்டி எடுக்க வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

"ம். அப்புறம்?"

"அந்தப் பக்கம் திருப்பி விடச் சொன்னாங்க."

அப்பா யோசித்தார். "வலியா இருந்திருக்கும்" என்றார்.

சுண்டு வாயைத் திறந்தாள். அம்மா வந்து சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்டாள். அப்பா டம்ளரை வைத்துவிட்டு அதை எடுத்துக் கொடுத்தார்.

"நீ போய்க் கொஞ்சம் படு" என்றாள் அம்மா. "நாலு நாளா கண்ணே மூடல. ஆளுங்க வந்தா நான் பாத்துக்கறேன்."

அறையில் சுண்டுவின் கட்டில்மேல் வந்தவர்களின் பைகளும் குடைகளும் ஒரு குழந்தையின் மேல்சட்டையும் கிடந்தன. அவற்றை எடுத்து எங்கே வைப்பது என்று பார்த்தாள். பிறகு அப்படியே விட்டுவிட்டு அத்தையின் கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் செருகிய விரிப்பு ஒரு சுருக்கமும் இல்லாமல் இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, முழங்கால்களை மடக்கிக்கொண்டாள்.

சுவரில் ஒன்றும் இல்லை. வெளிர்பச்சைப் பெயிண்ட், தூரிகை போன வழி, அவ்வளவுதான். முன்னறையில் யாரோ தாழ்ந்த குரலில் அத்தையின் வயதைக் கேட்டார்கள், யாரோ சொன்னார்கள். சுவர் மிகவும் அருகில் இருந்தது. அவள் விட்ட மூச்சு அதில் பட்டு, வெதுவெதுப்பாக, அவள் முகத்துக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது.