மோதாத வெள்ளைப் பந்து

அண்ணியின் விரல்கள் கீபோர்டில் பறந்தன. திரையில் வெள்ளைப் பந்து சீறி வந்தது. சிவப்புப் பந்தைத் தொட்டது. உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியேறி, ஒன்றுமே நடக்காததுபோல் தன் பாட்டுக்குப் போனது. சிவப்பு அசையவே இல்லை.

"பேய் புடிச்சிருக்கு அண்ணி" என்றான் கொழுந்தன்.

"உங்க கைவரிசையா தம்பி?"

"சத்தியமா அந்தப் பக்கமே போகல!"

வாசலில் மாமனார் நகம் கடித்துக்கொண்டிருந்தார். மூன்று மேஜையும் ஒரு ஏசியுமாக இருந்த அந்தக் கம்பெனி அவருடையது. இந்தப் பந்து விளையாட்டை விலைக்கு வாங்க வருபவர் கீழே காரைவிட்டு இறங்கியாகிவிட்டது.

"டேய், அவர் கண்ணு முன்னாடி பந்து மோதலேன்னா, நாளைலேர்ந்து நீ சித்தப்பா குடோன்ல மூட்டை தூக்கு!"

கொழுந்தனுக்கு வியர்த்தது. சித்தப்பா குடோனில் எலிகூட லீவு கேட்கும்.

அண்ணி ஒரு காகிதத்தை இழுத்தாள். "முழு மீட்சி மோதல். உந்தமும் மாறக்கூடாது, இயக்க ஆற்றலும் மாறக்கூடாது. வெள்ளைக்கு எடை ரெண்டு, வேகம் மூணு. சிவப்புக்கு எடை ஒண்ணு, சும்மா நிக்குது. மோதினப்புறம் வெள்ளைக்கு என்ன வேகம்?"

இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்து ஒரே இருபடிச் சமன்பாடாக்கினாள். கொழுந்தன் எட்டிப் பார்த்தான்.

"மூணு, ஒண்ணுன்னு ரெண்டு விடை வருதே! எது சரி?"

"ரெண்டுமே சரி. அங்கதான் வில்லங்கம்."

"மூணு பழைய வேகமாச்சே அண்ணி?"

"ஆமா, மோதாமலே போனாலும் உந்தம் மாறாது, ஆற்றலும் மாறாது. கணக்குக்கு அதுவும் சம்மதம்தான். நமக்கு வேண்டியது ஒண்ணுங்கிற விடை. அப்போ சிவப்பு நாலு வேகத்துல பறக்கும்."

லிஃப்ட் முனகியது. அண்ணி புரோகிராமில் அந்த வரியைப் பிடித்தாள். வர்க்கமூலத்துக்கு முன்னால் பிளஸ்! பிளஸ் என்றால் மூன்று, மைனஸ் என்றால் ஒன்று.

"நான் மைனஸ்தானே போட்டேன்? யாரோ மாத்தியிருக்காங்க!"

பிளஸ்ஸை அழித்து மைனஸைத் தட்டினாள். லிஃப்ட் கதவு திறந்தது.

டக்!

சிவப்பு பறந்துபோய் மூலைக் குழியில் விழுந்தது. வெள்ளை சாவகாசமாக அதன் பின்னாலேயே உருண்டது.

"அட, நிஜப் பந்தேதான்!" என்றபடி வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டத்தை விட்டு எழுவதாகவே இல்லை.

மூவரும் மெல்ல வெளியே நழுவினார்கள். கொழுந்தன் இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"மாத்தினவன் யாருன்னு இப்பவே தெரியணும்ப்பா. குடோனுக்கு அவன் போகட்டும்!"

மாமனார் விட்டத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"காலையில சும்மா திறந்து பார்த்தேன்மா. விலை பேச வர்ற நாளும் அதுவுமா, நட்டநடு வரியில ஒரு மைனஸ்... நஷ்டம் மாதிரி மனசை உறுத்துச்சு. நான்தான் அதைப் பிளஸ் ஆக்கினேன்."