கொடிக்கயிறு

என் வீட்டுக்காரர் பாஸ்கல் திண்டுக்கல்லுக்கு வந்து முப்பது வருஷமாகிறது. ஆனாலும் மனுஷனுக்கு நினைப்பெல்லாம் தூத்துக்குடிப் பக்கத்தில் தான் பிறந்த கடற்கரை ஊரில்தான். அங்கே மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏற்றுகிற கயிறு இவர் குடும்பத்திலிருந்து போக வேண்டும். கொள்ளுத்தாத்தா காலத்து உரிமை. அந்த ஒரு நாள்தான் ஊரில் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் 'திண்டுக்கல்காரன்'.

அந்தக் கயிற்றோடு நான் படுகிற பாடு இருக்கிறதே! தாண்டக் கூடாதாம், மிதிக்கக் கூடாதாம். வெயிலில் போட்டால் காயும் வரைக்கும் காவல் இருக்க வேண்டுமாம். பெற்ற பிள்ளையைக்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை.

நேற்று ரொனால்டு போன் செய்தான். இவருடைய சித்தப்பா மகன், திருவிழாக் கமிட்டித் தலைவன்.

"மதினி, ஊர்ல மரபுக் காட்சிக்கூடம் தொறக்கோம். நூத்தம்பது வருஷத்துக் கயிறுல்லா, கண்ணாடிப் பெட்டில வச்சிருவோம். இனிமே கொடிக்குக் கமிட்டியே நைலான் கயிறு வாங்கிரும். அண்ணன் அலைய வேண்டாம்."

கயிறு போனால் இவருக்கு அந்த ஒரு நாளும் போச்சு. அது போதாதென்று, அது நூற்றைம்பது வருஷத்துக் கயிறே இல்லை! நாலு வருஷத்துக்கு முன்னால் பரணில் எலி குதறிவிட, இவருக்குத் தெரியாமல் கடையில் புதுசு வாங்கி, டீத்தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கினவள் நான். கண்ணாடிப் பெட்டியில் நாலு பேர் உற்றுப் பார்த்தால் என் மானம் கப்பலேறிவிடும்.

இன்றைக்கு மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் ரொனால்டு சொன்னதையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன்.

"திட்டுறதுன்னா திட்டுங்க. அது நம்ம கயிறு இல்ல. நான் வாங்குனது."

"தெரியும்," என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"தெரியுமா! எப்படி?"

"கடக்கரையில பொறந்தவன்ட்ட கயித்தப் பத்திக் கேக்கியா? நீ வாங்குனது நல்ல கயிறு. அதுக்கு முந்தி கொடைரோட்டுல நான் வாங்குனதுதான் மட்டம். அதத்தான் எலி தின்னுச்சு."

அடப்பாவி மனுஷா! நாலு வருஷமாகச் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன், வாயைத் திறக்கவில்லையே! தொட்டுக்கொள்ள எடுத்து வந்த வெஞ்சனக் கிண்ணத்தை டங்கென்று வைத்தேன்.

இவர் கை கழுவிவிட்டு ரொனால்டுக்குப் போன் போட்டார்.

"ஏலே, ஒன் பெட்டிக்கு எத்தன கயிறு வேணும்? நான் வாங்கித் தாரேன், நூத்தம்பது வருஷம்னு எழுதி வச்சிக்கோ. கொடிக்கு மட்டும் நான்தான் கொண்டு வருவேன்."

அவன் என்னமோ கத்தினான். இவர் விடவில்லை.

"கயிறு எதுவா இருந்தா என்னலே? கொண்டுட்டு வாறவன் நான்லா. அதுவும் இல்லன்னா எனக்கு அந்த ஊர்ல வேற என்ன இருக்கு?"

பிறகு ரொனால்டு, "சரிண்ணே, கொடியேத்தத்துக்குக் காலைல வெள்ளனே வந்துருங்க," என்றது எனக்கும் கேட்டது.