வரிசை எண் மட்டும் போதும்

இருவரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே கல்லூரிக்குப் போனார்கள். ஒருத்தி ஆசிரியை. மற்றவள் அவள் கணவனின் தங்கை, இரண்டாம் ஆண்டு மாணவி.

மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து அளப்பதுதான் ஆசிரியையின் முனைவர் பட்ட ஆய்வு. ‘புரியாமலே மனப்பாடம் செய்கிறேன்’ என்பதுபோல் வாக்கியங்கள். எதிரே ‘எப்போதும்’ முதல் ‘ஒருபோதும் இல்லை’ வரை கட்டங்கள். பெயர் வேண்டாம், வரிசை எண் மட்டும் போதும், வேறு யார் கண்ணிலும் படாது என்று வகுப்பில் வாக்குக் கொடுத்தாள்.

பலரும் தங்களை நல்ல பிள்ளைகளாகக் காட்டி டிக் போட்டுவிட்டு கேன்டீனுக்கு ஓடினார்கள். இரண்டு முறை ஃபெயிலான கடைசி பெஞ்ச் ஆசாமிதான் முதலில் தாளை நீட்டினான். நாத்தனார் மட்டும் எழுந்திருக்கவில்லை. நல்ல மார்க் வாங்குகிறவள்தான்; ஆனால் தன்னைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயமே கிடையாது. மனப்பாடம், தள்ளிப்போடுவது, பயம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

சில நாளில் முதல்வர் ஆசிரியையைக் கூப்பிட்டார். பின்தங்கியவர்களைத் தனி வகுப்பாகப் பிரிக்கப் போகிறாராம். மார்க்கை வைத்துப் பிரித்தால் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். பிள்ளைகளே எழுதிக்கொடுத்தது என்றால் வாயைத் திறக்க முடியாது என்றார். அவள் கொடுத்த வாக்கைச் சொல்லிப் பார்த்தாள். ஆய்வேட்டுக்குத் தன் கையெழுத்து வேண்டியிருக்கும் என்பதை அவர் நினைவுபடுத்தினார். தாள் கட்டைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தாள்.

நாத்தனார் தனி வகுப்புக்குப் போனாள். அங்கிருந்து மேற்படிப்புக்கு யாரையும் சிபாரிசு செய்வதில்லை. கடைசி பெஞ்ச் ஆசாமி பழைய வகுப்பிலேயே இருந்தான்.

“இவ தாளையாவது எடுத்து வச்சிருக்கக் கூடாதா?” என்றான் கணவன்.

ஒன்றை எடுத்தால் ஆய்வு முடிவு தப்பாகிவிடும் என்றாள் அவள். அவன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவப் போனான்.

நாத்தனார் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “நீங்க கேட்டீங்கன்னுதான் அண்ணி உண்மையைப் போட்டேன். வேற யாராவது கேட்டிருந்தா நானும் நல்லவளாயிருப்பேன்.”

வருடக் கடைசியில் அதே கேள்விகளை மறுபடி கொடுத்தார்கள். இந்தத் தடவை நாத்தனார் நின்றபடியே டிக் போட்டுக் கொடுத்தாள். குறை என்று ஒன்றுகூட இல்லை. அதே மாதம் அவள் இரண்டு பாடத்தில் ஃபெயிலானாள்.

தனி வகுப்பால் படிக்கும் முறை வெகுவாக முன்னேறியிருக்கிறது என்று ஆய்வேட்டில் எழுத வேண்டியிருந்தது. ஆசிரியை எழுதினாள். முதல்வர் படித்துப் பார்த்து, சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.