இருபத்திரண்டு வாய்கள்

எங்கள் பாடகர் குழுவின் வருடாந்தர விடுமுறைக் கச்சேரிக்கு முந்தின நாள், பாட்டு மாஸ்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"உன் குரல் தகரத்துல ஆணியால கீறுற மாதிரி இருக்கு. நாளைக்கு வாயை மட்டும் அசை. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

மறுநாள் திரை விலகியது. மாஸ்டர் கையை வீசினார். இருபத்திரண்டு பேரும் வாயைத் திறந்தோம். பொட்டுச் சத்தம் வரவில்லை. பாவி மனுஷன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு இதையே ஓதியிருக்கிறார்!

மைக்செட் அண்ணன் தன் பெட்டிதான் பழுதென்று நினைத்து ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். நாங்கள் மூன்று பாட்டையும் விடாமல் வாயசைத்து முடித்தோம்.

முன்வரிசையில் என் அப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

"ஆறு வருஷமா வர்றேன். இந்த வருஷம்தான் ஒருத்தருக்குக்கூட சுருதி பிசகல!"