வேரோனிக்கா தின்ற புட்டு

கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்துவிட்டே எழுதுகிறேன்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. புகை அலாரம் அடித்து, கனடாவில் எங்கள் வோபர்ன் அடுக்குமாடிக் கட்டடத்துச் சனமெல்லாம் உடுத்த சாரத்தோடு கீழே இறங்கி நின்றதே அதற்குச் சாட்சி.

றஜிதா ஒஷாவாவுக்கு அப்பால் அல்பாக்கா வளர்க்கிறாள். பஞ்சுமூட்டைக்கு நீளக் கழுத்து வைத்தாற்போன்ற பிராணிகள். ஒரு கலியாணத்துக்குப் போகவேண்டி வந்ததால், அவற்றைத் தன் மாமா தில்லையம்பலத்திடமும், துணைக்கு என்னிடமும் விட்டுப் போனாள்.

"மாமா, காய்ஞ்ச புல்லும் தண்ணியும்தான் குடுங்கோ. தாதுப்பொடி கிண்ணத்திலை கிடக்கு. இஞ்சத்தை வெயில் காணாது எண்டு விற்றமின் டியும் குடுத்திட்டன். வேறை ஒண்டும் வேண்டாம். வேரோனிக்கா வயித்திலை குட்டியோடை நிக்கிறாள்."

"ஓம் பிள்ளை."

கார் மறைந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"வயித்துப்பிள்ளைக்காரிக்கு வெறும் புல்லோ? எங்களுக்கும்தான் டொக்டர் விற்றமின் டி தாறார். அதுக்காகச் சாப்பிடாமல் இருக்கிறமோ?"

நான் அவித்துக் கொண்டுபோன புட்டை வேரோனிக்காவின் முன் வைத்தார். நான் தடுக்கவில்லை. தேங்காய்ச் சம்பலையும் நீட்டினேன். மற்ற அல்பாக்காக்கள் அன்னதானத்துக்குப்போல் வரிசையில் நின்று, கர்ப்பிணியை முன்னே விட்டன. முழுவதும் அவளுக்கே போயிற்று.

மறுநாள் வேரோனிக்கா எழும்பவில்லை. புல்லைத் தொடவில்லை, அசைபோடவில்லை. பல்லை மட்டும் நறுநறுவென்று கடித்தாள். தில்லையம்பலத்தார் பக்கத்தில் குந்தியிருந்தார். தேத்தண்ணியும் அவருக்கு இறங்கவில்லை.

மிருக வைத்தியர் லெஸ்லி வந்து, என்ன தின்றாள் என்று கேட்டார்.

"புல்லு," என்றார் தில்லையம்பலத்தார், நிலத்தைப் பார்த்து. நானும் நிலத்தைப் பார்த்தேன்.

சரியாகச் சொல்லாவிட்டால் தாயும் மிஞ்சாது, குட்டியும் மிஞ்சாது என்றார் லெஸ்லி. அந்த வயிற்றில் ஏதோ அசைந்தது. தில்லையம்பலத்தார் அதன்மேல் கையை வைத்தார்.

"புட்டு. நான்தான் குடுத்தனான்."

"அவிச்சது நான்," என்றேன்.

மா வயிற்றில் புளித்துவிட்டதாம். லெஸ்லி குழாய் வைத்து மருந்து இறக்கினார். பின்னேரம் வேரோனிக்கா எழுந்து, புட்டு வேறு சம்பல் வேறாக, தில்லையம்பலத்தாரின் முகத்தில் துப்பினாள். றஜிதா வரும்வரை அவர் அதைத் துடைக்கவில்லை.

"மாமா, முகத்திலை என்ன உது?"

"தண்டனை, பிள்ளை."

இதுவும் அதே கற்பூரத்தின்மேல் சத்தியம்: தில்லையம்பலத்தார் முதன்முதலாகக் கனடாவில் வந்து இறங்கியதே அதற்கு அடுத்த மாதம்தான்.