பிணத்தின் சிரிப்புக்கு ஐந்து நட்சத்திரம்

எங்கள் மாமா பாலன் ஒரு இந்திப் படம் முழுக்க வருகிறார். அந்தப் படத்தில் அவரைவிட அதிக நேரம் திரையில் இருப்பவர் யாரும் கிடையாது. என்ன, படம் தொடங்குவதற்கு முன்பே செத்துப்போயிருப்பார்.

நான் கணேஷ்குமார். மைசூரில் படப்பிடிப்புக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது என் தொழில். கல்யாணக் கூட்டமா, கட்சி மாநாடா, தடியடியில் ஓடுவதற்கு முப்பது பேரா, எனக்கு ஒரு போன் போதும். இந்தத் தொழிலில் சொந்தக்காரர்களை மட்டும் சேர்க்கவே கூடாது. நான் ஒரே ஒரு முறை சேர்த்தேன், பட்டுத் தெரிந்துகொண்டேன்.

படத்தின் பெயருக்குக் குடும்ப நாற்காலி என்பது போல அர்த்தம் வரும். வடக்கே ஏதோ ஒரு மாநிலத்தின் முதலமைச்சர் இறந்துவிடுகிறார். உடலைக் கூடத்தில் கிடத்திவிட்டு, மூன்று மகன்களும் ஒரு மகளும் சுற்றி நின்று, நாற்காலி யாருக்கு என்று இரண்டே முக்கால் மணி நேரம் அடித்துக்கொள்கிறார்கள். கதை வடக்கே நடந்தாலும் பங்களா மைசூரில் கிடைத்ததால், உடலையும் மைசூரிலேயே தேடினார்கள். நான் கூட்டிக்கொண்டுபோன பதினோரு பேரையும் மும்பை டைரக்டர் ஒதுக்கிவிட்டார். செத்துக் கிடந்தாலும் ஓட்டு விழுகிற முகம் வேண்டுமாம்.

அந்த நேரம் பார்த்து, என் அக்கா பாக்கியலட்சுமி கொடுத்தனுப்பிய சாப்பாட்டுத் தூக்கோடு மாமா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மாமா ஒரு தொழிற்சாலை கான்டீனில் மேற்பார்வையாளர். வெள்ளை மீசை, நல்ல தொப்பை, எதிரே யார் வந்தாலும் ஒரு கும்பிடு. டைரக்டர் அவரைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். ஒன்பது நாள் லீவு போட்டு, மூக்கில் பஞ்சும் கழுத்தில் சாமந்தி மாலையுமாக மாமா படுத்தார். படுப்பதில் அவருக்குப் பிறவித் திறமை. குறட்டை வரும்போது மட்டும் நான் ஊர்ந்துபோய் உள்ளங்காலைச் சுரண்டிவிட்டு வருவேன்.

கடைசி நாள் அக்கா வந்தாள். நம் பக்கத்துப் படப்பிடிப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் எழுந்துபோகும் முன் கேமராவைப் பார்த்து ஒரு முறை சிரிக்க வேண்டும். செத்தது பொய், ஆள் இதோ இருக்கிறேன் என்று அந்தச் சிரிப்பு சொல்லிவிடும். சிரிக்காமல் எழுந்தால் நடித்த சாவு ஆளை விடாது என்பார்கள். மும்பைக்காரர்களுக்கு இது தெரியாது. பேக்கப் சொல்லிவிட்டு விளக்குகளை அணைக்க ஆரம்பித்தார்கள். அக்கா நேரே கேமராவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"எம் புருசன் சிரிக்காம இங்கிருந்து ஒரு பொட்டி நகராது. சொல்லிப்போடு அவங்ககிட்ட."

கேமராமேன் நல்ல மனிதர். நான்கு நொடி ஓட்டினார். மாமா கண்ணைத் திறந்து, பஞ்சோடு, வெட்கத்தோடு ஒரு சிரிப்பு சிரித்தார். அக்கா சுற்றிப்போட்டு அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோனாள். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

எட்டு மாதம் கழித்துப் படம் வந்தது. மாலில் இருக்கும் தியேட்டருக்கு மூன்று பேரும் போனோம். படம் தாங்க முடியவில்லை. இடைவேளையில் பாதிப் பேர் போய்விட்டார்கள். எப்படியோ மூத்த மகன் பதவிப் பிரமாணம் எடுத்தான், அப்பாடா என்று நான் செருப்பைத் தேடினேன். அப்போது திரை முழுக்க மாமாவின் முகம். பிணம் மெல்லக் கண்ணைத் திறந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தது. படம் முடிந்தது. மும்பையில் யாரோ ஒரு எடிட்டர், வழக்கம் தெரியாத புண்ணியவான், அதையும் ஒரு ஷாட் என்று எடுத்து ஒட்டிவிட்டிருக்கிறார்.

மறுநாள் விமர்சனங்கள் வந்தன. எனக்கு இந்தி ஓரளவு வரும் என்பதால் அக்காவுக்கும் மாமாவுக்கும் நான்தான் படித்துச் சொன்னேன். கதை அரதப்பழசு, வசனம் மேடைப் பேச்சு, மகன்களாக நடித்த மூவரும் மரக்கட்டை, ஒன்றரை நட்சத்திரம். எல்லோரும் ஒரே மாதிரிதான் திட்டியிருந்தார்கள், கடைசிப் பத்தி வரைக்கும். கடைசிப் பத்தியில் எல்லோரும் ஒரே மாதிரி காலில் விழுந்திருந்தார்கள். அந்தச் சிரிப்பு வாரிசு அரசியலின் முகத்தில் விழுந்த அறை என்றார் ஒருவர். மக்களாட்சியே பாடையில் படுத்துச் சிரிக்கிறது என்றார் இன்னொருவர். படத்துக்கு ஒன்று, சிரிப்புக்கு மட்டும் தனியாக ஐந்து என்று நட்சத்திரம் பிரித்துக் கொடுத்தவரும் உண்டு.

மாமா வாயைத் திறந்தபடி கேட்டார். "நெசமாலுமே அப்படியா எழுதிருக்கு? இன்னொருக்கா படி."

அக்கா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டேய் கணேசு, அந்தச் சிரிப்பு படத்துக்குள்ளார போயிருச்சு."

"ஆமாக்கா. அதத்தான் எல்லாரும் கொண்டாடறாங்க."

"போடா கூறு கெட்டவனே. படத்துக்குள்ள போயிட்டா அது பொணத்தோட சிரிப்பாச்சே. அப்ப உசுரோட இருக்கற மனுசன் இன்னும் சிரிக்கவே இல்லியே!"

எனக்கு மண்டையில் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் கணக்குப்படி பரிகாரம் செலவாகிவிட்டது, தோஷம் அப்படியே நிற்கிறது. அந்த வாரமே மாமா குளியலறையில் வழுக்கி விழுந்தார். அடுத்த வாரம் ரேஷன் கடை இயந்திரத்தில் விரலை வைத்தால் மூன்று தடவையும் ரேகை பொருந்தவில்லை என்றது. கான்டீனில் சூடான பாத்திரம் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்ததுதான் காரணம் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"மிசினுக்கே தெரிஞ்சுபோச்சு," என்றாள் அக்கா. அவள் முகத்தில் இருந்தது விளையாட்டில்லை. உண்மையாகவே பயந்திருந்தாள், சரியாகச் சாப்பிடவும் இல்லை.

சரி, இன்னொரு தடவை சிரித்தால் முடிந்தது என்று என் போனை எடுத்தேன். போன் செல்லாது என்றுவிட்டாள். செத்தது சினிமாக் கேமராவில், சிரிப்பதும் சினிமாக் கேமராவில்தானாம். சும்மா ஒத்திகைக்காவது சிரியுங்கள் மாமா என்றேன். அங்கேதான் இன்னொரு வில்லங்கம் காத்திருந்தது. விமர்சனங்களைக் கேட்டதிலிருந்து மாமா கண்ணாடி முன் நின்று அந்தச் சிரிப்பைப் பழகிக்கொண்டே இருந்திருக்கிறார். ஊரே பாராட்டிய சொத்தாயிற்றே! இப்போது அவருக்கு வேறு சிரிப்பே வரவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தாலும் மெல்லக் கண்ணைத் திறந்து, பிணம் சிரிப்பது போலவே சிரித்தார். குழந்தை அழுதுகொண்டு ஓடியது.

இந்த நேரத்தில் விஜயநகரில் சினிமாச் சங்கம் நடத்தும் உமேஷ் ஒரு கூட்டம் அறிவித்தார். யூடியூபில் கன்னடத்தில் விமர்சனம் செய்பவர், தாடிக்காரர், அந்தச் சிரிப்பைப் பற்றியே நாற்பது நிமிடம் பேசி ஒரு வீடியோ போட்டவர். ஞாயிற்றுக்கிழமை காலை சமுதாயக் கூடத்தில் டைரக்டருடன் உரையாடல், பிணமாக நடித்தவருக்குச் சால்வை, மூன்று பெரிய கேமராவில் பதிவு. பெரிய கேமரா என்றதும் அக்கா எழுந்துபோய் நல்ல புடவையாக எடுத்து வைத்தாள். எனக்கு வேறு கவலை. டைரக்டரின் அடுத்த படத்தில் ஒரு தேர்தல் ஊர்வலம் இருக்கிறது, ஐந்நூறு தலை, மொத்தமும் எனக்கென்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"அக்கா, அங்க வந்து வாயத் தொறந்துடாத. உம் கால்ல விழறேன்."

"நீ விழு. நான் வர்றேன்."

கூடத்தில் எண்பது பேர் இருந்தார்கள். டைரக்டர் மைக்கைப் பிடித்து, அந்தச் சிரிப்பு தனக்கு எப்படித் தோன்றியது என்று இந்தியில் விளக்க, உமேஷ் அதைக் கன்னடத்தில் சொன்னார். காசியில் படித்துறையில் மூன்று நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். மூன்றாம் நாள் விடியற்காலையில் கங்கை அதைக் கொடுத்ததாம். உமேஷ் கண்ணை மூடித் தலையாட்டினார். நான் தரையைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது அக்கா மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"சார், ஒந்து நிமிஷா," என்று கன்னடத்தில் தொடங்கி, அவசரத்தில் தமிழுக்கு வந்துவிட்டாள். "அது நடிப்பு இல்லீங்க. தோசம் கழிக்கச் சிரிச்ச சிரிப்பு. நாந்தான் கேமராவ மறிச்சு எடுக்க வெச்சேன். கங்கையும் குடுக்கல, காவேரியும் குடுக்கல."

கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியும். அவர்கள் சிரிக்க, மீதிப் பேர் என்ன என்று கேட்க, உமேஷே மைக்கில் கன்னடத்திலும் இந்தியிலும் மொழிபெயர்த்தார். டைரக்டரின் முகம் சுண்டிப்போனது. என் ஐந்நூறு தலையும் ஒவ்வொன்றாக உருள்வது எனக்குத் தெரிந்தது. அக்கா அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"பேரெல்லாம் உங்களுக்கே இருக்கட்டுங்க. அந்தச் சிரிப்ப நீங்களே வெச்சுக்கங்க. எம் புருசனுக்கு வேற ஒண்ணு எடுத்துக் குடுங்க, போதும்."

உமேஷுக்கு ஒரே குஷி. உடனே நாற்காலி போட்டு மாமாவை நடுவில் உட்கார வைத்தார். மூன்று கேமராவும் திரும்பின. சால்வையும் வேர்வையுமாக மாமா கண்ணை மூடினார், மெல்லத் திறந்தார், சிரித்தார். அதே சிரிப்பு. கூடம் எழுந்து நின்று கைதட்டியது. "திரையில் பார்த்ததற்கும் மேல்!" என்று உமேஷ் கன்னடத்தில் கத்தினார்.

"தட்டாதீங்க!" அக்கா அலறினாள். "அது அதேதான்! பொணத்துது!"

கைதட்டல் நின்றது. இன்னொரு முறை முயன்றார் மாமா, அதுவேதான் வந்தது. மூன்றாம் முறையும் அதுவே வந்ததும் அக்கா மேடையிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு ஐந்நூறு தலையும் மறந்துபோனது. மாமா பதறிப்போய் அவள் பக்கத்தில் குந்தினார்.

"ஏன் புள்ள இப்படி? எனக்கு ஒண்ணும் ஆகாது."

"எனக்குப் பயமா இருக்குதுங்க மாமா. மூக்குல பஞ்சு வெச்சு உங்கள என்னால பாக்கவே முடியல. தெனமும் நீங்க தூங்குனப்பறம், மூக்குகிட்ட வெரல வெச்சு மூச்சு வருதான்னு பாத்துட்டுத்தான் படுக்கறேன்."

மாமா அவளையே பார்த்தார். "மூக்குகிட்ட வெரல வெச்சது நீதானா?"

"ஆமா."

"நான் எலின்னு நெனச்சேன் புள்ள! எம் மீசை மேல எலி ஓடுதுன்னு ரெண்டு பொறி வாங்கிக் கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கறேன்!"

சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தொப்பை குலுங்க, சால்வை நழுவ, கடைவாய்ப் பல் இல்லாத இடம் தெரிய, இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு சிரித்தார். மூச்சு முட்டிச் சிரித்தார். மூக்கில் சளி வந்தது. இதற்கு எந்த விமர்சகனும் அரை நட்சத்திரம்கூடக் கொடுக்க மாட்டான். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அந்த முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

"எடுத்தீங்களா? எடுத்தீங்களா?" என்று உமேஷ் கேமராக்காரர்களிடம் ஓடினார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா அழ ஆரம்பித்ததுமே, இதுதான் உணர்ச்சிக் காட்சி என்று மூன்று பேரும் அவள் பக்கம் திருப்பிவிட்டார்கள். மாமாவின் சிரிப்பு ஒரு கேமராவிலும் விழவில்லை.

"சார், அதே மாதிரி இன்னொரு தடவை," என்று ஒருவர் கெஞ்சினார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மாமாவையும் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம். நாங்க கெளம்பறோம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "சினிமாக் கேமராவுலதான் சிரிக்கணும்னு இத்தன கூத்தும் பண்ணுனியேக்கா?"

"கேமராகிட்டக் குடுத்தா மறுபடியும் கொண்டுபோய் எங்காச்சும் ஒட்டிப்போடுவாங்கடா," என்றாள் அக்கா. "இது எங்கிட்டயே இருக்கட்டும்."