வெள்ளையடிக்கும் வாரம்

அந்த நகரத்தில் பதினோரு காட்சிக்கூடங்கள். பருவத்துக்கு ஒரு முறை பதினொன்றிலும் ஒரே வாரத்தில் படங்கள் மாறும். திறப்பு நாளன்று சனங்கள் ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு நடந்தே போய்ப் பார்ப்பார்கள், தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்கள், புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் ஊரறிந்த சங்கதி. யாருக்கும் தெரியாதது அதற்கு முந்தைய வாரம்தான். பழைய படங்கள் இறங்கியிருக்கும், புதியவை வந்து சேர்ந்திருக்காது. பதினோரு கூடமும் வாயடைத்துப் போய் வெறுமனே கிடக்கும். அந்த ஒரு வாரம் அத்தனை சுவரும் வெள்ளைக்காரியின் கையில்.

பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். ஆள் மாநிறம். பதினெட்டு வருடமாக இந்தச் சுவர்களுக்கு வெள்ளையடிக்கிறாள், அதனால் கிடைத்த பட்டம். வைத்த மகராசன் அவள் புருஷன். சாயங்காலம் தலை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாக அவள் வீட்டுக்குள் நுழையும்போது, "வாங்க வெள்ளைக்காரி, வெளிநாட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்பான். பட்டப்பெயர் எப்படியோ கூடங்களுக்கும் பரவிவிட்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

வேலை என்னவோ எளிதுதான். ஆணிகளைப் பிடுங்க வேண்டும், ஓட்டைகளில் பட்டி வைத்து அடைக்க வேண்டும், காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், பிறகு ரோலரை எடுத்து இரண்டு பூச்சு. ஆனால் பதினெட்டு வருடம் பருவம் தவறாமல் பூசினால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? சுவர் பருத்துப்போகும். முன்பு சுவரைவிட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்த சுவிட்சுப் பெட்டிகள் இப்போது உள்ளே புதைந்து கிடக்கின்றன. அறைகள் ஒரு விரற்கடை சுருங்கிவிட்டன. எந்த வெள்ளைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அறை முழுக்க ஆரஞ்சு வேண்டுமென்று அடம்பிடித்த ஓவியனின் ஆரஞ்சு ஆற்றோரக் கூடத்தில் ஆறு பூச்சுக்குக் கீழே தூங்குகிறது. மணிக்கூண்டுக் கூடத்தில் ஒருத்தி சுவரெங்கும் மீன் மீனாக வரைந்து வைத்திருந்தாள். அவையும் அங்கேயேதான் இருக்கின்றன. அந்த வாரத்தில் வெள்ளைக்காரி தூங்கினால், கனவில் பதினோரு கூடமும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே வெள்ளை அறையாகிவிடும். கதவு திறக்கத் திறக்க இன்னொரு வெள்ளை அறை. அதில் அவள் வெறுங்காலோடு நடந்துகொண்டே இருப்பாள். சுவருக்குள் மீன்கள் திரும்பிப் படுக்கும் சத்தம் கேட்கும். விடிந்து எழுந்தால் மனசு லேசாக இருக்கும்.

இந்தப் பருவம் அந்தக் கனவு வரவில்லை. காரணம் மூன்றாவது கூடம்.

மூன்றாவது கூடத்தில் மூன்று மாதமாக அவள் தங்கையின் கண்காட்சி. காகிதமில்லை, சட்டமில்லை, மாடி அறையின் மூன்று சுவரிலும் நேராகக் கரியால் வரைந்திருந்தாள். ஊரே போய்ப் பார்த்தது. வெள்ளைக்காரி மட்டும் அந்தத் தெருவையே விட்டுவிட்டுச் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் ஒருநாள் ரகசியமாகப் போய்ப் பார்த்துவிட்டுக் கண் கலங்கத் திரும்பி வந்தான். "ஏய், அங்க என்ன இருக்குன்னா..." என்று ஆரம்பித்தவனை, "இன்னொரு வார்த்தை பேசினே, இன்னிக்கு உனக்குச் சாப்பாடு கிடையாது," என்று அடக்கிவிட்டாள். பாவம், பசிக்குப் பயந்தவன்.

அக்காவும் தங்கையும் பேசி ஆறு வருடம் ஆகிறது. அம்மா நாற்பது நாள் படுக்கையில் கிடந்தாள். அந்த நாற்பது நாளும் தங்கை கட்டிலின் கால்மாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மடியில் அட்டை, கையில் கரித்துண்டு என்று உட்கார்ந்திருந்தாள். கடைசி நாளும் அப்படியே. எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு வெள்ளைக்காரி வெடித்தாள். "அம்மா மூச்சுக்குத் திணறிட்டு இருக்கா, நீ அவ மூஞ்சியப் படம் போட்டுட்டு இருந்தே. உனக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கிடையாதாடீ? இனிமே என் மூஞ்சில முழிக்காதே!" என்றாள். தங்கை பையை எடுத்துக்கொண்டு போனாள். போனவள் போனவள்தான். முதல் வருடம் கோபத்தில் கழிந்தது. இரண்டாம் வருடம் வீம்பில் கழிந்தது. அதற்கப்புறம் எப்படித் திரும்பிப் பேசுவது என்று தெரியாமலே கழிந்தது, அதுதான் நிஜம்.

அந்த வாரத்தின் கடைசி நாள் காலை மூன்றாவது கூடத்து நிர்வாகி போன் செய்தார். எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்று சொல்கிறவர், அதனால் 'மெதுவா சார்'.

"சார், அந்த ரூமுக்கு வேற யாரையாவது வெச்சு அடிச்சுக்கோங்க."

"முடியாதும்மா. சுவரை நீங்கதான் வெள்ளையடிக்கணும்னு உங்க தங்கச்சி ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கியிருக்காங்க. இன்னிக்கு நாலு மணிக்கு அடுத்த படமெல்லாம் வந்து இறங்குது. அதுக்குள்ள சுவரைத் தொடைச்சு ஒரு பூச்சாவது ஆகணும்." கொஞ்சம் தயங்கிவிட்டு அவர் சொன்னார்: "அவங்க நாளைக்கு ஊரை விட்டுக் கிளம்பறாங்கம்மா. தூர தேசத்துல வேலை. திரும்பி வருவாங்களான்னு அவங்களுக்கே தெரியலையாம்."

போனை வைத்த பிறகும் வெள்ளைக்காரி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு. நாளைக்குப் போய்விட்டால் அப்புறம் வீம்புக்குக்கூட ஆள் இல்லை. ஆனால் அந்தச் சுவரில் அம்மா வாயைத் திறந்து திணறுகிற முகம் இருக்கும். அதைத் திரும்ப ஒரு தடவை பார்க்கத் தன்னால் ஆகாது. பார்த்துவிட்டால் தங்கையை மன்னிக்கவும் ஆகாது. அதனால் கெட்டிக்காரத்தனமாக ஒரு யோசனை செய்தாள். சுவரைப் பார்க்காமலே வெள்ளையடித்துவிட்டு வந்துவிடுவது.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே அப்படித்தான் செய்தாள். மாடி ஏறி, தரையைப் பார்த்தபடியே அறைக்குள் நுழைந்து, இடது கோடிக்குப் போய் முகத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். வெறும் கரி அது, உதிராமல் இருக்க மேலே எதுவும் தெளிக்கவில்லை. அதை உலர்ந்த துணியால் துடைத்து எடுக்காமல் பூசினால் வெள்ளைக்குள் சாம்பலாகக் கசியும். ஆகவே முதல் வேலை துடைப்பது. உள்ளங்கை அகலத்துக்கு மேல் எதையும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டு துடைத்தாள். கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் பால் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. கரித்தூள் அதில் மிதந்தது.

துணிக்கடியில் ஒரு ஜன்னல் கம்பி வந்தது. நடுவில் வளைந்த கம்பி. சின்ன வயதில் தலையை விட்டுச் சிக்கிக்கொண்டு தங்கைதான் வளைத்தாள். அடுத்து மூடி தொலைந்த மருந்து பாட்டில் வந்தது, காகிதத்தைச் சுருட்டி அடைத்திருந்தது. அப்புறம் மேசை, மேசைமேல் மடித்துவைத்த கண்ணாடி. எல்லாம் நிஜத்தில் இருந்த அளவிலேயே, இருந்த இடத்திலேயே இருந்தன. வெள்ளைக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாவின் அறைக்குள்தான் நடந்துகொண்டிருக்கிறோம், கூடம் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது என்று தோன்றியது. தைல வாசம்கூட வந்தது. கரிக்கு ஏது தைல வாசம்?

அப்புறம் துணிக்கடியில் ஒரு முழங்கை வந்தது.

முழங்கையில் பிறை மாதிரி ஒரு தழும்பு. ஏணியிலிருந்து விழுந்து தையல் போட்ட தழும்பு. அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். அதே தழும்பு.

வெள்ளைக்காரி பின்னால் நகர்ந்தாள். ஒரு அடி, இரண்டு அடி, அறையின் நடுவரைக்கும் நகர்ந்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

மூன்று சுவரிலும் அவள். மெத்தை நுனியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு மறுகையால் விரிப்பை இழுக்கிற அவள். கிண்ணத்தை உதட்டில் வைத்துச் சூடு பார்க்கிற அவள். கட்டில் சட்டத்தில் கன்னத்தைச் சாய்த்து, வாய் திறந்து உட்கார்ந்தபடியே தூங்குகிற அவள். போர்வையை உதறுகிற அவள், தலை வாரிவிடுகிற அவள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் நின்று அழுகிற அவள். முப்பதோ நாற்பதோ பேர் இருப்பார்கள். அம்மா எங்கே? அம்மா ஒரு படத்தில் போர்வை மேடு, ஒரு படத்தில் வகிடு, ஒரு படத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்திருக்கும் நான்கு விரல். நடுச்சுவரில் ஒரே ஒரு இடத்தில்தான் அம்மாவுக்கு முகம் இருந்தது. அந்த முகம் திணறவில்லை. பெரிய மகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயோ," என்றாள். "ஐயோ, பாவி நான்."

வாசலில் மெதுவா சார் நின்றிருந்தார். "அம்மா... அவங்க காலையிலேர்ந்து கீழ படிக்கட்டுலதான் உக்காந்திருக்காங்க. நீங்களா கூப்பிட்டாத்தான் வருவாங்களாம்."

"கூப்பிடுங்க சார். மெதுவா வேணாம், சீக்கிரம் கூப்பிடுங்க!"

காலடிச் சத்தம் மாடியேறி வந்து கதவுக்கு வெளியே நின்றது. ஆள் தெரியவில்லை.

"அக்கா, உள்ள வரலாமா? மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தே."

"வந்து தொலைடீ!" என்று சொல்வதற்குள் வெள்ளைக்காரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தங்கை உள்ளே வந்தாள். இளைத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. தங்கைக்கு நரைக்கிற வயசாகிவிட்டதா என்று அக்காவுக்குப் பகீரென்றது.

"நீ அம்மாவ வரைஞ்சேன்னு நெனச்சேன்."

"தெரியும்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

தங்கை சிரிக்கவில்லை. "சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்காதே. அந்த நாப்பது நாள்ல ஒரு துணியாவது என் கையில குடுத்தியாக்கா? தண்ணி கொண்டு வந்தா வாங்கிட்டு, நகருன்னே. போர்வையச் சரி பண்ணப் போனா, உனக்குத் தெரியாது, நகருன்னே. எனக்கும் அவ அம்மாதானே? அந்த ரூம்ல எனக்கு மிச்சம் இருந்தது ஒரு நாற்காலி. சும்மா உக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிருக்கும். அதான் உன்னையே பாத்துட்டு இருந்தேன்."

வெள்ளைக்காரி சண்டைக்கு வாயைத் திறந்தாள். நகரு, நகரு என்று தான் சொன்னது தன் குரலிலேயே காதில் கேட்டது. அந்த நாற்பது நாளில் அம்மாவை ஒருத்தியாகத் தாங்கிவிட்டேன் என்று எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறாள்! பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். மெச்சலை வாங்கிக்கொண்டபோது நாற்காலியில் இருந்தவளை அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இத அழிக்க வேணாம்டி. சார் காலப் புடிச்சாவது கேக்கறேன்."

"வேணாம்கா. ஊரே பாத்தாச்சு. நீ ஒருத்தி பாக்க வேண்டியதுதான் பாக்கி. கூப்பிட்டா வர மாட்டே. சுவரை அடிக்கணும்னா வந்துதானே ஆகணும்? பாத்துட்டே. போதும். அழிச்சிரலாம்."

பிறகு இருவரும் சேர்ந்து துடைத்தார்கள். "அப்படி அமுக்காதே, கரி உள்ள போயிடும். மேலேர்ந்து கீழ வா," என்று அக்கா அதட்ட, "உன் மூஞ்சியத்தானே தொடைக்கறேன், அமுக்கித்தான் தொடைப்பேன்," என்றாள் தங்கை. இருவருமே சிரித்தார்கள். கூரை வெளிச்சம் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு ஊர்ந்து போயிற்று. தூங்குகிற அவள் போனாள், அழுகிற அவள் போனாள், ஜன்னல் போயிற்று, கட்டில் போயிற்று. கரித்தூள் பனி மாதிரி அறையை நிறைத்தது. அதற்குள் இரண்டு பெண்கள் நடப்பது தண்ணீருக்குள் நடப்பதைப்போல இருந்தது. மணி மூன்றைத் தாண்டியபோது நடுச்சுவரில் அம்மாவின் முகம் மட்டும் மிச்சமிருந்தது.

வெள்ளைக்காரி ஏணியை நகர்த்திப் போட்டு இரண்டு படி ஏறினாள். யோசித்து ஏறவில்லை. பழகிய கை தானாக நீண்டது. துணி அம்மாவின் கன்னத்தைத் தொட ஒரு நூல்தான் பாக்கி.

கை அப்படியே நின்றது.

அவள் இறங்கினாள். ஜன்னலுக்குப் போய்த் துணியை நன்றாக உதறினாள். சுத்தமான பக்கம் மேலே வரும்படி நான்காக மடித்துக் கொண்டுவந்து தங்கையின் கையில் வைத்தாள்.

"அம்மா முகத்த நீ தொடைச்சு விடு. நான் நகர்ந்துக்கறேன்."

தங்கை துணியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். ஏணியில் ஏறினாள். "எங்கேர்ந்துக்கா ஆரம்பிக்கணும்?"

"நெத்தியிலேர்ந்து. அவளுக்கு அப்படித்தான் புடிக்கும்."

அக்கா காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். கையில் ஒன்றுமில்லை. வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு, தங்கை அம்மாவின் நெற்றியைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.